விலை பேசையில இரும்பு, வாங்கினப்புறம் பாரம்பரியம்



பத்து நாளா மனசுல கெடந்து உறுத்துற விஷயம் இது. எழுதிட்டா கொஞ்சம் ஆறும்னு எழுதுறேன். பழைய காரை வாங்கிப் புதுப்பிக்கணும்னு ஆசை வெச்சிருக்கிற பட்டணத்து ஆளுங்க படிச்சா கோபம் வரும். வரட்டுமுங்க. முழுசாப் படிச்சுட்டுக் கோபப்படுங்க.

என் தங்கச்சி மகன் சென்னையில கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். நல்ல பையன், அதை முதல்லயே சொல்லிடறேன். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு வந்தவன், பக்கத்துத் தோட்டத்துச் சாளையில நிக்கிற அம்பாசிடர் காரைப் பாத்துட்டான். 1984 மாடல், மார்க் 4, பெட்ரோல் வண்டி. ஒரு காலத்துல வெள்ளை. இப்ப மேல பழைய சாக்கு, தென்னமட்டை, கோழி எச்சம். நாலு டயரும் மண்ணுல உக்காந்துடுச்சு.

அந்தத் தோட்டத்து அண்ணன் தவறிப்போயி எட்டு வருஷமாச்சு. இப்ப நங்கை மட்டும்தான் இருக்காங்க. எங்க பக்கம் அண்ணியை நங்கைன்னுதான் சொல்லுவோம். பையன் வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தான், போட்டோ எடுத்தான், நேரா நங்கைகிட்டப் போயி விலை கேட்டான். நங்கை அறுபதாயிரம் சொன்னாங்க.

அதுக்கு அவன் சொன்னது இது: "அத்தை, இது ஓடாத வண்டி. வெறும் இரும்பு. எடைக்குப் போட்டாக்கூட அவ்வளவு வராது. நான் முப்பத்தஞ்சு தர்றேன்."

நங்கை என் மூஞ்சியைப் பாத்தாங்க. நான் வாயைத் தொறக்கலை. "யோசிச்சுச் சொல்றேன் சாமி"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி பேஸ்புக்கைத் தொறந்தா அதே காரு, சாக்கோட, கோழியோட. மேல மாப்ள எழுதியிருக்கான்: "நம் பாரம்பரியத்தின் ஒரு பொக்கிஷத்தை மீட்கப் போகிறேன்." கீழ நூத்துச் சொச்சம் பேரு வாழ்த்து.

பகல் பதினோரு மணிக்கு இரும்பு. ராத்திரி எட்டு மணிக்குப் பொக்கிஷம். நடுவுல ஒம்பது மணி நேரத்துல அந்த வண்டிக்கு யாரும் ஒரு சொட்டு எண்ணெய் கூட விடலைங்க.

மறுநாள் போன் பண்ணினான். "மாமா, வாங்கலாமா வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வாங்கலாம்னா அத்தைகிட்டயும் கொஞ்சம் பேசி விடுங்க." அவனுக்குச் சொல்ற பதில்தான் இது. அவன மாதிரி இன்னும் பல பேரு இருக்கறதால எல்லாருக்கும் சேத்தே சொல்றேன்.

மீட்கறதுன்னு எழுதுறீங்களே, அந்த வார்த்தையை எங்க ஊருல எதுக்குச் சொல்லுவோம் தெரியுமா? அடகு வெச்ச நகைக்கு. நகையை மீட்கப் போறவன் அசலையும் வட்டியையும் முழுசா எண்ணி வெப்பான். "இது பித்தளை மாதிரித் தெரியுது, பாதி வாங்கிக்கோ"ன்னு கேக்க மாட்டான். பாதி விலைக்குக் கேட்டா அதுக்குப் பேரு மீட்கறது இல்லை, வாங்கறது. வாங்கறது ஒண்ணும் தப்பில்லைங்க. வாங்கறவனா வா, பேரம் பேசு. காப்பாத்த வந்தவன்னு சொல்லிட்டு வந்து ஒரு விதவைகிட்ட இருபத்தஞ்சாயிரம் கொறைக்காத.

சரி, அந்த வண்டி என்ன வண்டின்னு சொல்றேன். தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008ல. அதுக்கு முன்னால எங்க ஊருக்கு 108 அந்த அம்பாசிடர்தான். பாம்பு கடிச்சாலும் அதுதான், பிரசவ வலி வந்தாலும் அதுதான். அண்ணன் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினாலும் சட்டையைத் தோள்ல போட்டுட்டு வந்து வண்டியை எடுப்பாரு. பெட்ரோல் காசு குடுத்தா வாங்கிக்குவாரு, குடுக்கலைன்னா கேக்க மாட்டாரு. என் மூத்த மக பொறந்து வீட்டுக்கு வந்தது அந்தப் பின்சீட்டுலதான். அதனால அந்தக் காரு மண்ணாப் போகட்டும்னு நான் சொல்லலை. மறுபடி ஓடினா எனக்குத்தான் முதல்ல சந்தோஷம். ஆனா வாங்கின எல்லா வண்டியும் ஓடறதில்லைங்க. அதுதான் விஷயம்.

இதை நான் படிச்சுச் சொல்லலை, பட்டுச் சொல்றேன். 2010ல மஞ்சள் வெலை எகிறுச்சே, ஞாபகம் இருக்குங்களா? அந்த வருஷம் எங்க பக்கம் மஞ்சள் வெச்சவன் எல்லாம் ராஜா. எனக்கும் கையில காசு வந்துச்சு, தலையில கொழுப்பு ஏறுச்சு. பழைய ஜீப்பு ஒண்ணை 45,000 ரூபாய்க்கு வாங்கினேன். "மூணு மாசத்துல ரெடி பண்ணிக் குடுத்தர்றேனுங்க"ன்னு மெக்கானிக் சொன்னாரு. இஞ்சினைக் கழட்டி லேத்துக்கு அனுப்பினோம். பாடி டிங்கரிங் கடைக்குப் போச்சு. சீட்டு இன்னொரு ஊருல. அடுத்த வருஷமே மஞ்சள் வெலை விழுந்துச்சு, காசு நின்னுச்சு. மெக்கானிக் கடையைக் காலி பண்ணிட்டு மகன்கூடத் திருப்பூர் போயிட்டாரு. நாலு வருஷம் அந்த ஜீப்பு மூணு ஊருல மூணு துண்டாக் கெடந்துச்சு. கடைசில எல்லாத்தையும் சேத்து 22,000 ரூபாய்க்கு வித்தேன். மொத்த நட்டம் ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல. அந்தக் காசுல போர்க்குழிக்கு நல்ல மோட்டார் வாங்கியிருக்கலாம்னு எங்க வீட்டுக்காரம்மா இன்னைக்கும் சொல்லிக் காட்டுது.

நான் அந்த ஜீப்பைக் காப்பாத்தலைங்க. நான் வாங்கறதுக்கு முன்னால அது புகை விட்டுக்கிட்டாவது ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் வாங்கித்தான் கொன்னேன்.

இதேதான் மாட்டுலயும் நடந்துச்சு. 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் நாட்டுமாடு வாங்கணும்னு எத்தனை பேரு எங்க காங்கேயம் பக்கம் வந்தாங்க! நல்ல எண்ணந்தான். ஆனா பண்ணை வீட்டுல கொண்டுபோயிக் கட்டி, போட்டோ எடுத்துப் போட்டு, தீவனத்துக்கும் ஆளுக்கும் ஆகிற செலவைப் பாத்து ஒரு வருஷத்துல தரகருக்குப் போன் போட்டவங்களை எனக்குத் தெரியும். மாடாவது பசிச்சா கத்தும். காரு கத்தாது. நீங்க மறந்துட்டா அது பாட்டுக்கு இத்துப்போகும்.

மாட்டைப் பத்திப் பேசினதால ஒண்ணு சொல்றேன். கண்ணபுரம் மாட்டுச்சந்தையில ஒரு விவசாயி காளை வாங்கறதைப் பாத்திருக்கீங்களா? கொம்பைப் பாத்து வாங்க மாட்டான். வாயைத் தொறந்து பல்லை எண்ணுவான். நடக்க விட்டுப் பின்னங்காலைப் பாப்பான். சுழி பாப்பான். அப்புறந்தான் துண்டுக்கடியில கையைக் குடுத்து விலை பேசுவான். நம்ம மாப்ள அந்தக் காருக்குப் பாத்தது என்ன? முன்னாடி கிரில்லு, உருண்டை லைட்டு, ஸ்டீயரிங்ல இருக்கிற கை கியரு. எல்லாம் கொம்பு. ஒருத்தன் கூடக் கீழ குனிஞ்சு பாக்கலை.

அம்பாசிடர்ல பல்லு எங்க இருக்குன்னா, தரையில இருக்கு. லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில தனியா சேஸிஸ் இருக்கும், அது மேல பாடியைத் தூக்கி வெச்சிருப்பாங்க. அம்பாசிடருக்கு அப்படிக் கெடையாது. இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பாத்துச் செஞ்சது அது. தகடையே மடிச்சு, பெட்டி பெட்டியா வளைச்சு, பத்தவெச்சு, பாடியே பாரம் தாங்கற மாதிரிக் கட்டினது. கதவுக்கடியில நீளமா ஓடற அந்தத் தகடுப் பெட்டியும், கால் வெக்கிற தரையும், பின்னாடி ஸ்பிரிங் பட்டை மாட்டுற எடமும் துரு புடிச்சிருந்தா, அது அழகுக்குறை இல்லை, முதுகெலும்பு முறிவு. பெயிண்ட்டு அடிச்சு மறைச்சா, ஒரு நாள் குழியில எறங்கறப்ப கதவு சாத்தாது. அதுக்கப்புறம் என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால போறப்ப காந்தம் ஒண்ணு கொண்டுபோங்க. ஸ்பீக்கர்ல இருக்கற சின்னக் காந்தம் போதும். மட்கார்டு, கதவோட அடிப்பாகம், டிக்கி ஓரம், எல்லா எடத்துலயும் வெச்சுப் பாருங்க. ஒட்டாத எடத்துல தகடு இல்லை, பட்டிதான் இருக்கு. கால்மிதியைத் தூக்கிட்டுத் தரையை ஸ்க்ரூடிரைவர்ல குத்திப் பாருங்க. உள்ள போச்சுன்னா வெளிய வந்துருங்க. எட்டு வருஷம் நின்ன இஞ்சினுக்கு எடுத்த எடுப்புல பேட்டரி வெச்சு செல்ஃப் அடிக்காதீங்க. பிளக்கைக் கழட்டி, சிலிண்டருக்குள்ள கொஞ்சம் எண்ணெய் விட்டு, ரெண்டு மூணு நாள் ஊற வெச்சு, கையால சுத்திப் பாக்கணும். சுத்தினா பாதி அதிர்ஷ்டம். சுத்தலைன்னா அந்தக் கணக்குத் தனி.

இப்ப கணக்குக்கு வருவோம். காங்கேயத்துல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு. 68 வயசு. வாழ்க்கை பூரா அம்பாசிடர்தான். அவரைக் கூட்டிட்டு வந்து நங்கை வீட்டு வண்டியைக் காட்டினேன். படுத்துக் கீழ போயி ஒரு மணி நேரம் பாத்தாரு. பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு. டிங்கரிங், பெயிண்ட்டு 1,80,000. இஞ்சின் வேலை 60,000. பிரேக்கு, ஸ்டீயரிங், ஸ்பிரிங் வேலை 40,000. வயரிங், பேட்டரி 25,000. சீட்டு, உள் கூரைத்துணி, ரப்பர் எல்லாம் 45,000. டயர் அஞ்சு, 25,000. மொத்தம் 3,75,000 ரூபாய். "இது தொறக்காம சொல்ற கணக்குங்க. தொறந்தா இன்னும் பாதி கூட்டிக்கோங்க"ன்னாரு. முடிச்சு வித்தா போட்ட காசு வராதுங்கறதையும் அவரே சொன்னாரு.

இப்ப நல்லாக் கவனிங்க. மாப்ள நங்கைகிட்டக் கொறைச்சுக் கேட்டது 25,000. அது அஞ்சு டயர் காசு. டயர் கடையில போயி "இது வெறும் ரப்பர்தானே"ன்னு கேப்பானா? மாட்டான். பெயிண்ட்டு கடைக்காரன் சொன்னதைக் குடுப்பான். சீட்டுக்காரன் சொன்னதைக் குடுப்பான். அலங்காரத்துக்கு ஒரு சின்ன பித்தளை எழுத்து எங்கயாவது கிடைச்சா ரெண்டு மடங்கு குடுத்து வாங்கிட்டு, அதையும் பெருமையாச் சொல்லுவான். இந்த மொத்தச் செலவுலயும் அவன் பேரம் பேசற ஒரே ஆளு யாருன்னா, முப்பது வருஷம் அந்த வண்டியைக் கழுவித் தொடச்சு வெச்சிருந்த ஒரு பொம்பளை. எனக்குக் கோபம் வர்றது இந்த எடத்துலதானுங்க. நாலு லட்சம் செலவு பண்ண முடியாதவன் இந்த வண்டியை வாங்கவே கூடாது. செலவு பண்ண முடிஞ்சவனுக்கு இருபத்தஞ்சாயிரம் பெருசு இல்லை.

அடுத்தது காயிதம். பட்டணத்துல பழைய வண்டி வாங்கறவங்க முக்கால்வாசிப் பேரு இதைக் கடைசியாத்தான் கேக்கறாங்க. ஆர்.சி. புத்தகம் செத்துப்போன அண்ணன் பேருல இருக்கு. சொந்த வண்டிக்கு முதல் 15 வருஷம், அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். அண்ணன் 2014 வரைக்கும் புதுப்பிச்சிருக்காரு. அதோட நின்னுபோச்சு. புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 600 ரூபாய்ல இருந்து 5,000 ஆக்கினாங்க. 20 வருஷத்தைத் தாண்டின காருக்கு 2025ல 10,000 ஆச்சு. தாமதத்துக்குத் தனி. பசுமை வரி தனி. பழைய கைப்புத்தகப் பதிவா இருந்தா அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்த வேற அலையணும். வண்டியை ஆய்வாளர்கிட்டக் காட்டணும், அதுக்கு வண்டி ஓடணும். அதாவது நாலு லட்சம் செலவு பண்ணின பிறகுதான் காயிதம் கிடைக்குமா கிடைக்காதான்னே உங்களுக்குத் தெரியும். அதனால முதல்ல ஆர்.சி.யில இருக்கற இஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில இருக்கறதோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும். எத்தனையோ பெட்ரோல் அம்பாசிடர்ல டீசல் இஞ்சினை மாத்தி வெச்சு ஓட்டியிருக்காங்க. புத்தகத்துல பெட்ரோல்னே இருக்கும்.

"மாமா, விண்டேஜ் வண்டின்னு பதிஞ்சுக்கலாமே"ன்னான் மாப்ள. படிச்ச பையன், ஆனா முழுசாப் படிக்கலை. 2021ல மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டினாத்தான் விண்டேஜ். 1984 வண்டிக்கு 2034 வரைக்கும் காத்திருக்கணும். அப்புறமும் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு ஓட்டலாம். தினமும் ஆபீஸுக்குப் போக முடியாது.

இதெல்லாம் தொல்லைன்னு சொல்லி ஒரு குறுக்குவழி வெச்சிருக்காங்க. வெத்துப் பாரத்துல கையெழுத்து வாங்கிட்டு வண்டியை எடுத்துட்டுப் போறது. இங்க அதுவும் முடியாது. கையெழுத்துப் போட வேண்டிய ஆளு செத்துட்டாரு. அப்ப என்ன பண்ணுவாங்க? "யாராவது போட்டுக்கலாம் மாமா, புரோக்கர் பாத்துக்குவாரு." இதை அவன் சாதாரணமாச் சொல்றான். செத்த மனுசன் கையெழுத்தை எவனோ போடறதுக்கு எங்க ஊருல வேற பேரு இருக்கு. பதிவுல பேரு மாறலைன்னா நாளைக்கு அந்த வண்டி யாரையாவது இடிச்சா நஷ்டஈட்டு நோட்டீஸு எங்க வரும்? பதிவுல யாரு பேரு இருக்கோ அவங்கதான் ஓனரு, அவங்கதான் பொறுப்புன்னு உச்ச நீதிமன்றம் 2018லயே சொல்லிடுச்சு. நீங்க சென்னையில ஓட்டுவீங்க. நங்கை இங்க கோர்ட்டுப் படி ஏறணும்.

முறை இதுதான். இறப்புச் சான்று, தாசில்தார்கிட்ட வாரிசுச் சான்று, 31ஆம் நம்பர் பாரம். முதல்ல வண்டி நங்கை பேருக்கு வரணும். அப்புறம் 29, 30 பாரம் போட்டு அவங்ககிட்ட இருந்து வாங்கறவங்க பேருக்கு. அந்த அலைச்சலும் செலவும் வாங்கறவனோடது. இதுக்கு ஒத்துக்காதவன் வண்டியைத் தொடக்கூடாது.

"அப்படியே விட்டா இரும்புக்கடைக்குத்தானே போகும் மாமா? அதுக்கு நான் வாங்கறது மேல் இல்லையா?" இதுதான் அவனோட பெரிய வாதம். பதில் சொல்லணும்.

இரும்புக்கடையை ஏன் இவ்வளவு கேவலமாப் பேசறீங்க? கோயமுத்தூர் உக்கடத்துலயோ உங்க சென்னை புதுப்பேட்டையிலயோ போயிப் பாருங்க. ஒரு அம்பாசிடர் அங்க போனா அதோட கியர்பாக்ஸு ஒரு வண்டிக்கு, கதவு இன்னொரு வண்டிக்கு, ஆக்ஸில் மூணாவது வண்டிக்குப் போகுது. அந்த மூணும் ரோட்டுல ஓடுது. உங்க அபார்ட்மென்ட் கீழ துணி போத்தி நிறுத்தி வெச்ச வண்டி எதுக்கும் ஆகாது. அடுத்தவனுக்கு உதிரிபாகமாகவும் இல்லை, உங்களுக்கு வண்டியாகவும் இல்லை. பாரம்பரியம்னா எனக்கு என்னன்னா, ஓடறது. இல்லைன்னா ஓடறதுக்கு உதவறது. அம்பாசிடரோட வெறும் பேரை மட்டும் 2017ல ஒரு பிரெஞ்சுக் கம்பெனி 80 கோடி குடுத்து வாங்குச்சு. இன்னும் அந்தப் பேருல ஒரு வண்டி ரோட்டுக்கு வரலை. பேரை வெச்சுக்கிட்டு வண்டி ஓட்ட முடியாதுங்க.

அம்பாசிடர் வேண்டாம்னு சொன்னதும் "சரி மாமா, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒண்ணு விலைக்கு வருது"ன்னான். சென்னைக்குத் தெக்க, பெருங்களத்தூர்ல செஞ்ச காரு. 1961ல இருந்து வந்துச்சு. நம்ம ஊருலயே செஞ்சதுன்னு அதுக்கு ஒரு ஆசை இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா அம்பாசிடர் 2014 வரைக்கும் வங்காளத்துல உத்தரபாராவுல செஞ்சுக்கிட்டே இருந்தாங்க. அதனாலதான் அதுக்கு இன்னும் சாமான் கிடைக்குது, வேலை தெரிஞ்ச ஆளும் கிடைக்கறாங்க. ஹெரால்டு 1970கள்லயே நின்னுபோச்சு. ஒரு சாமானுக்கு மாசக்கணக்குல தேடணும். ஆசைக்கு வண்டி பாக்காதீங்க. முதல்ல உங்க ஊருல அந்த வண்டி வேலை தெரிஞ்ச கை எது, அதுக்கு வயசு என்னன்னு பாருங்க. என் மெக்கானிக்குக்கு 68. கண்ணு மங்குது. அவருக்குக் கீழ வேலை கத்துக்க ஒரு பையனும் இல்லை. நீங்க வண்டியை மீட்கறதாச் சொல்றீங்க. அந்தக் கையை மீட்க யாரு வர்றா?

இன்னொண்ணு. இப்ப பங்க்குல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எங்க கரும்புலயும் மக்காச்சோளத்துலயும் எடுக்கறதுதான், அதுல எனக்குச் சந்தோஷந்தான். ஆனா 1984 வண்டியோட ரப்பர் ஓஸும், பெட்ரோல் பம்புக்குள்ள இருக்கற ரப்பர்த் தகடும் இந்தப் பெட்ரோலுக்காகச் செஞ்சது இல்லை. இளகிப்போகும், ஒழுகும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாசக்கணக்குல நிறுத்தி வெச்சா டேங்கு உள்ளுக்குள்ளயே துரு புடிக்கும். ஓஸு, பம்பு, கார்புரேட்டர் சாமான் எல்லாம் புது வகை ரப்பருக்கு மாத்தணும். மாத்தின பிறகும் வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து ஓட்டணும். இது நிறுத்தி வெக்கிற சாமான் இல்லைங்க, கறவை மாடு மாதிரி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்து கறக்க முடியாது.

அப்ப வாங்கவே கூடாதான்னு கேட்டீங்கன்னா, அப்படிச் சொல்லலை. வண்டியை நிறுத்தக் கூரை உள்ள எடம் சொந்தமா இருக்கணும். நாலு லட்சம் தனியா இருக்கணும், கடன் வாங்கி இல்லை, பொண்டாட்டிகிட்ட மறைச்சும் இல்லை. சனி ஞாயிறு ரெண்டு வருஷத்துக்குக் கையில கிரீஸு ஆகத் தயாரா இருக்கணும். இருந்தா வாங்குங்க. பளபளன்னு பெயிண்ட்டு அடிச்சு சாமான் கொறைஞ்ச வண்டியை விட, அசிங்கமா இருந்தாலும் எல்லா சாமானும் உள்ள வண்டியை எடுங்க. வாங்கினதும் பெயிண்ட்டு கடைக்கு ஓடாதீங்க. முதல்ல துருப் புடிச்ச தகடு, அப்புறம் பிரேக்கு, அப்புறம் வயரிங், அப்புறம் இஞ்சின். ஓட்டுங்க. ஒரு வருஷம் ஓட்டின பிறகு பெயிண்ட்டு. அதுவரைக்கும் போட்டோவுக்கு நல்லா இருக்காது. போட்டோவுக்காகத்தான் வாங்கறீங்கன்னா, வாடகைக்கு ஒரு அம்பாசிடர் எடுத்து ஒரு நாள் சுத்திட்டுப் போங்க. யாருக்கும் நட்டம் இல்லை.

நேத்துச் சாயங்காலம் நங்கையைப் பாத்து இதையெல்லாம் சொன்னேன். மெக்கானிக் எழுதின கணக்கையும் படிச்சுக் காட்டினேன். நான் எதிர்பாத்தது, அண்ணனை நெனச்சுக் கண்ணு கலங்குவாங்கன்னு. அவங்க ஆட்டுக்குத் தழை போட்டுக்கிட்டே சொன்னாங்க:

"எனக்கு அந்தச் சாளை காலியானாப் போதும் தம்பி, ஆட்டைக் கட்டலாம். மழைக்கு நனையுதுக. ஆனா ஒண்ணு. போன மாசம் இரும்புக்காரன் வந்து நாப்பது சொல்லிட்டுப் போயிருக்கான். உன் மருமகன் பாரம்பரியம்னு சொல்லி முப்பத்தஞ்சு கேக்கறான். இதுல யாருக்கு நான் குடுக்கட்டும், நீயே சொல்லு."

எனக்கு அந்த எடத்துல சிரிப்பு வந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு.

மாப்ள, நீயும் இதைப் படிப்பேன்னு தெரியும். ஒரு சனிக்கிழமை வா. நல்ல சட்டை போடாம வா. காந்தம் கொண்டு வா. மெக்கானிக்கை நான் வரச் சொல்றேன். அவரோட சேந்து நீயும் வண்டிக்கடியில படுத்துப் பாரு. தரைத்தகடு தாங்கும்னு அவர் சொன்னா, அத்தை கேட்ட அறுபதை அப்படியே குடு, காயிதத்தை உன் செலவுல முறைப்படி மாத்து. தாங்காதுன்னு சொன்னா இரும்புக்காரனுக்குப் போகட்டும், நானே போன் பண்றேன். எது ஆனாலும், அந்தப் பொக்கிஷம் பதிவை முதல்ல எடுத்துரு. அதுல அத்தை வீட்டுக் கோழி வரைக்கும் தெரியுது, அவங்களை ஒரு வார்த்தை கேக்கலை நீ.

மூணு பேஸ் கரண்டு வந்துருச்சு. மோட்டாரைப் போட்டுட்டு மடை திருப்பணும். மீதியை அப்புறம் எழுதறேனுங்க.